ஊட்டிப் பேயா, கொடைக்கானல் பேயா?

பதின்வயதினருக்கு ஒரு பேய்த் த்ரில்லர் எழுதுவதென்றால் எந்த மலையில் வைக்கலாம்? சட்டென்று தோன்றுவது கொடைக்கானலின் குணா குகை. தரையெங்கும் புடைத்த மரவேர்கள், கம்பிவேலிக்கு அப்பால் இருட்டுப் பிளவு. பயம் ரெடிமேடாக இருக்கிறது, சரி. ஆனால் விழுந்தால் செத்தான், அப்புறம் கதை நகராது. (செல்ஃபி கூட்டத்தில் பேய்க்கே இடம் கிடைக்காது.)

என் ஓட்டு ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு. 1829ல் அடிக்கல், உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து வந்தவை. பின்பக்கம் பாசி படிந்த வெள்ளைக்காரர் கல்லறைகள். வகுப்பில் யாரோடும் ஒட்டாத பையன் ஒருவன் அங்கே டிபன் பாக்ஸைத் திறக்கிறான். எதிர்க்கல்லில் அவன் வயதிலேயே செத்தவனின் பெயர். பேச ஆள் கிடைத்துவிட்டது. அந்த நட்பு அவனை வீடு திரும்ப விடுமா என்பதில்தான் த்ரில்லே இருக்கிறது.