ஓயாமல் ஓடும் இன்டெல் என்100: இரண்டு ஆண்டு மீடியா சர்வர் அனுபவம்

என் முதல் மீடியா சர்வர் (வீட்டு வீடியோக்களைச் சேமித்து டிவிக்கு அனுப்பும் கணினி), வீட்டில் சும்மா கிடந்த 2013ஆம் ஆண்டு மாடல் டெஸ்க்டாப். பைசா செலவில்லை என்று மகிழ்ந்தேன். பிளக்கில் வாட் மீட்டரைப் பொருத்தியபோதுதான், படம் ஓடாத நேரத்திலும் அது 55 வாட் இழுப்பது தெரிந்தது. இரண்டு மாத மின்கணக்கில் 79 யூனிட்!

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். தம்பி போனில் எடுத்த கல்யாண வீடியோதான் என்னை மாற்றியது. அது எச்இவிசி என்னும் புதிய வீடியோ வடிவம், நிறங்களை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வகை. எங்கள் பழைய டிவிக்குப் புரிவது எச்.264 என்னும் பழைய வடிவம் மட்டும். ஆகவே படம் ஓடும்போதே சர்வர் வடிவத்தை மாற்றித் தர வேண்டும். பழைய செயலியில் அதற்கான தனி மின்சுற்றே இல்லை. நான்கு கோர்களும் முழு மூச்சில் உழைக்க, விசிறிச் சத்தம் கூடம் வரை கேட்டது. தாலி கட்டும் நேரத்தில் படம் நின்று நின்று வந்தது. அம்மா எழுந்து போய்விட்டார்.

பிறகு வாங்கியது இன்டெல் என்100 செயலி கொண்ட மினி பிசி (சிறிய கணினி), 8 ஜிபி ரேம். 2023இல் வந்த எளிய செயலிதான். ஆனால் அதிலுள்ள குயிக் சிங்க் என்னும் வீடியோ சுற்று, வீடியோ மாற்றத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறது. அதே கல்யாண வீடியோவுக்குச் செயலியின் சுமை 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து 12 வாட். இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். மீடியா சர்வருக்குச் செயலியின் வேகத்தைப் பார்க்காதீர்கள், அதன் வீடியோ சுற்றைப் பாருங்கள்.

இயங்குதளம் டெபியன் 12, லினக்ஸில் ஒரு வகை. சேமிப்புச் சர்வர்களுக்கான ட்ரூநாஸ் இயங்குதளம் பற்றியும் யோசித்தேன். அதன் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை அருமையானது, ஆனால் படங்களை ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பவனுக்கு அதன் முழுப் பலன் கிடைக்காது. டெபியன்மேல் ஜெல்லிஃபின் என்னும் மீடியா சர்வர் மென்பொருள்: கட்டணம் இல்லை, வெளியே எங்கும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஜெல்லிஃபின் இயங்கும் பயனர் கணக்கை, வீடியோ சுற்றைப் பயன்படுத்த அனுமதியுள்ள ரெண்டர் குழுவில் சேர்க்க மறக்க வேண்டாம். சேர்க்காவிட்டால் குயிக் சிங்க்கை அதனால் தொட முடியாது.

தமிழ் சப்டைட்டில் ஒரு வாரம் படுத்தியது. படத்தோடு சேர்த்துப் பதிக்கும்போது எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள். திரையில்லாத சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை என்பதுதான் காரணம். தமிழும் அடங்கிய நோட்டோ எழுத்துருக்களை நிறுவியதும் சரியாகிவிட்டது.

பெரிய அதிர்ச்சி ஒரு மின்வெட்டுக்குப் பிறகு வந்தது. நூலகம் காலி! அப்பாவின் பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய வீடியோக்கள் அனைத்தும் போய்விட்டன என்று கை நடுங்கியது. உண்மையில் இரண்டு யுஎஸ்பி டிஸ்க்குகளின் பெயர்கள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று மாறக்கூடிய பெயர்களை எழுதியிருந்ததை நீக்கி, மாறாத அடையாளமான யுயுஐடி எண்களை எழுதினேன். அன்று முதல் மாதம் ஒருமுறை இரண்டாவது டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி அலமாரியில் பூட்டிவைக்கிறேன்.

கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் அமைப்பையும் போட்டுவைத்தேன். இப்போது கரண்ட் வந்த இரண்டு நிமிடத்தில், யாரும் பொத்தானை அழுத்தாமலே, அம்மா விட்ட இடத்திலிருந்து பார்க்கிறார்.