ஸ்லைடு நேரப் பதிவு: மூன்று ஆண்டு விரிவுரை அனுபவம்

பவர்பாயிண்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஆகும் நேரத்தைப் பதியும் ‘ரிஹர்ஸ் டைமிங்ஸ்’ வசதியை மூன்று ஆண்டுகளாக என் புள்ளியியல் விரிவுரைகளில் பயன்படுத்தி வருகிறேன். அதை அழுத்தியதும் காட்சி தொடங்கி, திரையின் ஓரத்துச் சிறு பட்டையில் நடப்பு ஸ்லைடின் நேரமும் மொத்த நேரமும் ஓடத் தொடங்கும். முடிவில் சேமித்துக்கொண்டால், எல்லா ஸ்லைடுகளையும் சிறிதாக வரிசையில் காட்டும் ‘ஸ்லைடு சார்ட்டர்’ தோற்றத்தில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் அதற்கான நேரத்தைக் காணலாம்.

முதலில் தனியாக ஒத்திகை பார்ப்பதற்கு மட்டுமே இதை வைத்திருந்தேன். ஒத்திகையில் 45 நிமிடத்தில் முடிந்த பாடம், 50 நிமிட வகுப்பில் கடைசிப் பயிற்சியைத் தொடாமலே நின்றுவிடும். காரணம் பிடிபடாததால், வகுப்பு நடக்கும்போதே பதிவை ஓடவிட்டு, அதை வேறு பெயரில் சேமித்து, ஒத்திகைக் கோப்போடு ஒப்பிட்டேன். தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் பற்றிய ஸ்லைடுக்கு ஒத்திகையில் 2 நிமிடம் 10 விநாடி. வகுப்பில் 7 நிமிடத்துக்கும் மேல். அதைக் கணக்கிடும்போது, மாதிரியிலுள்ள தரவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு அதனால் வகுப்பது ஏன் என்ற கேள்வி ஆண்டுதோறும் அங்கேதான் எழுகிறது. அந்த ஸ்லைடை மூன்றாகப் பிரித்து, நடுவில் அந்தக் கேள்வியையே வைத்தேன். முன்னுரை ஸ்லைடுகள் இரண்டை நீக்கினேன். இப்போது பயிற்சிக்கு 5 நிமிடம் கிடைக்கிறது.

கேள்வி எழும்போது பதிவை நிறுத்திவைக்கும் பொத்தானை நான் தொடுவதில்லை. மாணவரின் கேள்விக்குச் செலவாகும் நேரமும் பாடத்தின் நேரம்தான் என்பது என் உறுதியான கருத்து.

எச்சரிக்கை ஒன்று உண்டு. சேமித்த நேரங்கள் ஸ்லைடைத் தாமாகவே நகர்த்தும் என்பதை மறந்து ஒருமுறை வகுப்புக்குச் சென்றேன். ஒரு மாணவிக்கு வரைபடத்தை விளக்கிக்கொண்டிருக்கையில் அது மறைந்து அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது. அன்று முதல், வகுப்புக்கு முன் ‘யூஸ் டைமிங்ஸ்’ தேர்வை நீக்கிவிடுகிறேன். மறுபடி பதிந்தால் பழைய நேரங்கள் அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறைக்கும் தனிப் பிரதி வைப்பது நல்லது. குரலையும் சேர்த்துப் பதிவோர், ஸ்லைடு மாறும் கணத்தில் பேச்சு பதிவாகாது என்பதால் சற்று நிறுத்திப் பேச வேண்டும்.

லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் என்ற இலவச ஸ்லைடு மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. அங்கே அடுத்த ஸ்லைடுக்குப் போக, ஓடும் கடிகாரத்தின் மீதே சொடுக்க வேண்டும். ஸ்லைடின் வேறு இடத்தில் சொடுக்கினால் அந்த நேரம் பதிவாகாது.

எத்தனை நிமிடம் என்று மென்பொருள் சொல்லும்; அந்த நிமிடங்களில் நடந்ததைச் சொல்லாது. ஆகவே வகுப்பு முடிந்த கையோடு, நேரம் கூடிய ஸ்லைடின் குறிப்புப் பகுதியில் அங்கே எழுந்த கேள்வியை மாணவர் கேட்ட சொற்களிலேயே எழுதி வைக்கிறேன்.