ரோம் டிராட்டோரியாவா, போலோஞா டிராட்டோரியாவா?

இத்தாலியில் எங்களுக்குக் கடைசி இரவு அது. மறுநாள் மாலை ரோமிலிருந்து விமானம். ரோமிலேயே சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். ஆனாலும் நானும் மனைவியும் ரயிலேறி, இரண்டு மணி நேரம் வடக்கே போய், போலோஞாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்னொரு முறை போனாலும் அதையேதான் செய்வேன்.

டிராட்டோரியா என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் சின்னச் சாப்பாட்டுக்கடை. நெருக்கமாகப் போட்ட மேசைகள், குடுவையில் வரும் வீட்டு ஒயின், அன்றாட வீட்டுச் சமையல். இரண்டு ஊரிலும் இது ஒன்றுதான். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாங்கள் போன இடங்களில் ஒரு தட்டு பாஸ்தா 11 முதல் 15 யூரோவுக்குள் இருந்தது. போலோஞாவில் கோபெர்த்தோ என்று, மேசையில் உட்கார்வதற்கான கட்டணமாக, தலைக்கு இரண்டு, மூன்று யூரோ தனியாகச் சேரும். ரோமில் அதை ரொட்டிக்கான காசு என்று எழுதுவார்கள்.

ரோமின் பெருமை நான்கு பாஸ்தாக்கள். பன்றியின் தாடை இறைச்சியான குவாஞ்சாலே, பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ், மிளகு, இந்த மூன்றும் சேர்ந்தால் கிரிச்சா. அதில் முட்டை சேர்த்தால் கார்பனாரா, தக்காளி சேர்த்தால் அமாத்ரிச்சானா. இறைச்சியை எடுத்துவிட்டால் காச்சோ எ பெப்பே. இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு ருசி வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை. ரோமின் டெஸ்டாச்சோ பகுதியில் சாப்பிட்ட கார்பனாரா இன்னும் நாக்கில் நிற்கிறது.

ஆனால் கவனித்துப் பாருங்கள். கார்பனாராவும் காச்சோ எ பெப்பேயும் கடைசி இரண்டு நிமிடத்தில் வாணலியில்தான் உருவாகின்றன. கார்பனாராவில் சூடு கொஞ்சம் கூடினால் முட்டை திரிந்து பொரியல் மாதிரி ஆகிவிடும். காச்சோ எ பெப்பேயில் சீஸ் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். இது திரளாமல் இருக்க எவ்வளவு ஸ்டார்ச் வேண்டும் என்று 2025-ல் இயற்பியலாளர்கள் ஆய்வுக்கட்டுரையே வெளியிட்டார்கள். சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதமாம். அந்தப் பதத்தைச் சனிக்கிழமை இரவு கூட்டத்துக்கு நடுவில், இருபதாவது தட்டுக்கும் பிடிக்க வேண்டும். நாங்கள் ரோமில் மூன்று இரவு சாப்பிட்டோம். இரண்டு அருமை. மூன்றாவது ஒரு சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. வந்த காச்சோ எ பெப்பேயில் சீஸ் ஒரு பக்கம் உருண்டையாகவும் தண்ணீர் ஒரு பக்கமாகவும் கிடந்தது. சமைத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நெரிசலில் யார் நின்றாலும் கை தடுமாறும்.

போலோஞாவில் வேலையில் பெரும்பகுதி பகலிலேயே முடிந்துவிடுகிறது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து, ஸ்ஃபோலினா என்று அழைக்கப்படும் பெண்கள் நீண்ட மரக்கட்டையால் அதைத் தாள் மாதிரி தேய்க்கிறார்கள். மரப்பலகையில் தேய்ப்பதால் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், குழம்பு வழுக்காமல் ஒட்டும். ரகூ, அதாவது மெதுவாக வெந்த இறைச்சிக் குழம்பு, மணிக்கணக்கில் அடுப்பில் இருக்கும். டார்ட்டெல்லினி, அதாவது இறைச்சி அடைத்த குட்டிப் பாஸ்தா, மிதக்கும் இறைச்சிச் சாறும் அப்படித்தான். இரவில் மிச்சமிருப்பது பாஸ்தாவை வேகவைத்துச் சேர்ப்பது மட்டுமே. கடை நிரம்பி வழிந்தாலும் ருசி மாறுவதில்லை. முன்பின் தெரியாத கடைக்குள் களைத்துப்போய் நுழைபவருக்கு இந்த உத்தரவாதம் பெரிய விஷயம்.

ஊரும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தால்யாதெல்லே என்ற பட்டையான நாடா பாஸ்தா வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-ல் வணிகக் கழகத்தில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். 1982-ல் ரகூவின் செய்முறையும் அங்கே பதிவானது.

அன்றிரவு நல்ல குளிர். டார்ட்டெல்லினி சாறோடு வந்தது. சுண்டுவிரல் நுனியளவு ஒவ்வொன்றும், உள்ளே பன்றி இறைச்சி, மொர்ததெல்லா என்ற பன்றி இறைச்சி சாசேஜ், பார்மிஜானோ சீஸ், ஜாதிக்காய் மணம். முதல் கரண்டியிலேயே மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான் போலோஞாவில் சாப்பிட்டது இரண்டே முறை, இரண்டும் டிசம்பரில். ஆகஸ்ட் வெயிலில் அந்தச் சூடான சாறு இதே சுகம் தருமா என்று என்னால் சொல்ல முடியாது. இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ரோம்தான் சற்று வசதி. காச்சோ எ பெப்பேயோடு, ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காய் பொரித்ததும் பருவத்தில் கிடைக்கும். போலோஞாவில் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸ் அடைத்த பெரிய டார்ட்டெல்லோனியை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள், அதில் முட்டை உண்டு. ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைந்த சீஸே வேண்டாம் என்பவர்கள் இரண்டு ஊரிலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ரோமிலேயே சாப்பிடுவதாக இருந்தால் சனிக்கிழமை இரவை விட்டுவிட்டு, வார நாளில் மதியம் கடை திறந்ததும் போய் உட்காருங்கள். அப்போது சமைப்பவருக்கு உங்கள் தட்டோடு இரண்டு நிமிடம் நிற்க நேரமிருக்கும்.