“புதிய தோற்றம்” என்று சொல்லி இரண்டு வருடச் சந்தா வாங்குகிறார்கள், கவனம்

திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பாறையேற்றத்தில் ஆசை வைத்திருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பாறையேற்றச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டப் போகிறீர்கள் என்றால், அதுவும் “எங்கள் தோற்றம் மாறுகிறது, அதற்கு முதல் பழைய விலையில் இரண்டு வருடத்துக்குச் சேர்ந்துகொள்ளுங்கள்” என்று மின்னஞ்சல் வந்திருந்தால், காசு கட்ட முதல் ஒருக்கா இதை வாசியுங்கள். முறைப்பாடு இன்னும் முடியாததால் சஞ்சிகையின் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாமலே இது உங்களுக்குப் பிரயோசனப்படும்.

எங்கள் ஊரில் இந்த விளையாட்டுக்கென்று ஒரு கூடமும் கிடையாது. கோணேசர் மலை கோயில் மலை, அதில் நாங்கள் ஏறுவதில்லை, யாரும் ஏறவும் கூடாது. குச்சவெளிப் பக்கம் கடலோரப் பாறைகளில் கீழே மெத்தை போட்டுப் பழகுவோம், நேரமும் காசும் சேர்ந்தால் உள்நாட்டுப் பக்கம் கயிறு கொண்டு போவோம், அவ்வளவுதான். 2016இல் எங்கள் நாட்டுப் பெண் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சிக்குப் போன செய்தியைப் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகளும் எங்களோடு இருக்கிறார்கள். சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சஞ்சிகைதான் எங்களுக்கு வாத்தியார். எல்லோரும் காசு போட்டு ஒரு சந்தா எடுத்து, இதழ் தபாலில் வந்ததும் வீடு வீடாகக் கைமாற்றி வாசித்தோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360க்குப் போனபோது, மா வாங்கவும் காஸ் வாங்கவும் வரிசையில் நின்ற அந்த நாட்களிலும், சந்தாவை விடாமல் கட்டினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், “ஒரு சஞ்சிகைதானே, விடுங்கோ” என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது லேசான காசு இல்லை.

பழைய இதழில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் போனது என்ன என்று விளங்கும். பின்பக்கத்தில் மாதாமாதம் விபத்துப் பக்கம் வரும்: எங்கே விழுந்தார், எந்த முடிச்சு, கீழே கயிறு பிடித்தவர் என்ன செய்தார் என்று நிதானமாக எழுதியிருப்பார்கள். எங்களோடு இருக்கிற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், முதலில் திறப்பதே அந்தப் பக்கத்தைத்தான். தாய்லாந்தின் ரெய்லேயில் கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் கயிறு மாட்ட அடித்த துருப்பிடிக்காத எஃகு ஆணிகள், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே வெடித்துச் சில வருடத்துக்குள் முறிந்ததையும், அதற்குப் பிறகு டைட்டானியம் ஆணிக்கு மாறியதையும் ஒரு முறை விபரமாகப் போட்டிருந்தார்கள். உப்புக்காற்றுக்குள் இருக்கிற எங்களுக்கு அந்த ஒரு கட்டுரையே அந்த வருடச் சந்தாக் காசுக்குக் காணும்.

புதிய இதழ் வந்தது. அளவு பெரிசு, தாள் தடிப்பு, அட்டையில் எழுத்தே இல்லாமல் ஒரு படம். படங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன, அதை மறைக்க மாட்டேன். முந்திக் காணாத ஆசிய முகங்களும் பெண்களும் பக்கம் முழுக்க வந்திருந்தார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் எழுத்து வெள்ளைத் தாளில் வெளிறிய சாம்பல் நிறம், அதுவும் பொடிப்பொடியாக. மாஸ்டர் யன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “தம்பி, இது பார்க்கிறதுக்குத்தான், வாசிக்கிறதுக்கு இல்லை” என்றார். விபத்துப் பக்கம் இல்லவே இல்லை.

அதைவிட மோசம், ஒரு பாதை ஏற எவ்வளவு கடினம் என்று காட்டுகிற கடின அளவுகளை எழுதிய விதம். பிரெஞ்சு முறையில், கயிற்றோடு ஏறும் பாதைக்கு 6 என்ற எண்ணோடு ஆங்கிலச் சின்ன எழுத்து ஏ போடுவார்கள். பாரிசுக்குப் பக்கத்து ஃபொன்டன்ப்ளோக் காட்டில் உருவான முறையில், கயிறில்லாமல் ஏறும் சிறு பாறைக்கு அதே 6க்குப் பெரிய எழுத்து ஏ. சின்ன எழுத்து என்றால் அமெரிக்க முறையில் 5.10ஏ அளவு, பழகிய ஆள் சமாளிப்பார். பெரிய எழுத்து என்றால் சிறு பாறைக்கான அமெரிக்க முறையில் வி3 அளவு, அதில் இருக்கிற ஒரு அசைவே மற்றதைவிடப் பல படி கடினம். புதிய வடிவமைப்பில் அழகுக்காக எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிட்டார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் வருகிறது, எது எது என்று பிரித்தறிய வழி இல்லை. இதைச் செய்தவர் ஒரு நாளாவது பாறையில் கை வைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

பாதைப் படங்களும் அப்படித்தான். முந்திக் கையால் கீறிய கோட்டுப் படம் இருக்கும், ஆணி எத்தனை, நீளம் எவ்வளவு, எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று எல்லாம் அதிலேயே கிடக்கும். இப்போது பெரிய நிறப்படத்துக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, அவ்வளவுதான். நீளம் போடாதது சின்ன விசயம் இல்லை. 35 மீற்றர் பாதையில் ஏறியவரைக் கீழே இறக்க 70 மீற்றர் கயிறு வேண்டும். 60 மீற்றர் கயிற்றோடு போய், நுனியில் முடிச்சும் போடாமல் இறக்கினால், கயிறு முடிந்து கீழே பிடிப்பவரின் கருவிக்குள்ளால் நழுவிப்போகும், மேலே இருப்பவர் விழுவார். பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிற விபத்து இது. எங்களோடு வருகிற மூதூர்த் தங்கச்சி படங்களை ரசித்துப் பார்த்தவள், அவளே கேட்டாள்: “அண்ணா, படம் வடிவா இருக்கு, ஆனா ஏறப் போறவனுக்கு இதில என்ன இருக்கு?”

சரி, தோற்றம் அவரவர் விருப்பம் என்று விடலாம். விட முடியாதது காசு விசயம். இரண்டு வருடத்துக்குக் கட்டும்போது அது மாத இதழ், அந்தக் கணக்குக்கு 24 இதழ். காசு வாங்கிய பிறகு காலாண்டு இதழாக்கிவிட்டார்கள், ஆகவே 8. மிச்சம் 16 எங்கே என்று கேட்டால், சந்தா இதழ்க் கணக்கில் இல்லையாம், காலக் கணக்கிலாம், இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடமாம். பழைய விலைக்குச் சேரச் சொன்ன அந்த மின்னஞ்சலில் காலாண்டு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், ஒரு சஞ்சிகை ஒரு கிழமையிலா காலாண்டாக மாறும்? தெரிந்துகொண்டே வாங்கினார்கள் என்றுதான் நான் சொல்லுவேன்.

நாங்கள் எல்லோரும் மாஸ்டர் வீட்டில் கூடி இருந்து சஞ்சிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம். மாஸ்டரின் ஆங்கிலம் சுத்தமான ஆங்கிலம். மரியாதைக்கு முதல் வரியில் தாளும் அச்சும் மிக நன்றாக இருக்கின்றன என்று தொடங்கி, பிறகு எழுத்தின் நிறம், கடின அளவுகள், பாதையின் நீளம், விபத்துப் பக்கம், 16 இதழ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்கியிருந்தோம். அடுத்த இதழில் வாசகர் கருத்துகள் என்று ஒரு பக்கம், முழுக்கப் புகழ்ச்சி. நடுவில் பெரிய எழுத்தில் எங்கள் முதல் வரி, கீழே “திருகோணமலை வாசகர்கள், இலங்கை”. மிச்சக் கடிதம் இல்லை, சுருக்கியிருக்கிறோம் என்ற குறிப்பும் இல்லை. மாஸ்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒன்றும் கதைக்கவில்லை, ஆனால் அவருக்கு எவ்வளவு நொந்தது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் குறையை எடுத்து அவர்களின் விளம்பரமாக்கினார்கள். 16 இதழ் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. அந்தப் பக்கத்தை நம்பி வேறு யாரோ சந்தா கட்டியிருப்பார், எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தே கட்டியிருக்கவும் கூடும்.

அப்புறம் செயலி. விடுபட்ட விபரங்கள் எல்லாம் செயலியில் இருக்கிறது, சந்தாதாரருக்கு இலவசம் என்று பதில் வந்தது. உள்ளே போக வங்கி அட்டை இலக்கம் கேட்டது. போட்டுப் பார்த்தால், பாதையின் நீளம் அங்கேயும் இல்லை, ஆனால் அடுத்த மாதம் அட்டையிலிருந்து டொலரில் காசு போயிருந்தது. வங்கிக்குப் போய் இந்தக் கொடுப்பனவை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுத்தில் கொடுத்தோம். இலவசம் என்று எழுதிய மின்னஞ்சலை அச்செடுத்து இணைத்தபடியால் செயலிக் காசு திரும்பி வந்தது. இரண்டு வருடச் சந்தாக் காசு இன்னும் இழுபடுகிறது.

உங்களுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், வருடத்துக்கு எத்தனை இதழ் என்று எண்ணிக்கையாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், எண்ணிக்கை சொல்ல மறுத்தால் கட்டாதீர்கள். புதிய வடிவத்தின் ஒரு முழு இதழைப் பார்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் போகவே வேண்டாம். விபத்து விபரங்களுக்குக் காசே தேவையில்லை: அமெரிக்க அல்பைன் கிளப் 1948இலிருந்து வருடாவருடம் தொகுக்கிற விபத்து அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகவே தேடி வாசிக்கலாம். 1932இல் தொடங்கிய சர்வதேச மலையேற்றச் சம்மேளனமும் கருவிகள் பற்றிய எச்சரிக்கைகளை இலவசமாக வெளியிடுகிறது, கடலோர ஆணிகள் அரித்து முறிவது பற்றியும் அதில் இருக்கிறது. நாங்கள் இப்போது இவற்றை அச்செடுத்துத்தான் கைமாற்றி வாசிக்கிறோம், மாஸ்டருக்கென்று எழுத்தைப் பெரிசாக்கி.

அந்தப் புதிய இதழ்கள் யாருடைய கையிலாவது இருந்தால், அதிலுள்ள பாதைப் படத்தை மட்டும் நம்பிக் கயிறு கட்டாதீர்கள். நீளத்தை வேறு இடத்தில் சரிபாருங்கள், கயிற்று நுனியில் முடிச்சுப் போடுங்கள். அந்தச் சந்தாவில் சேர்ந்து இதே மாதிரி இதழ்களை இழந்தவர்கள் இருந்தால், காசு கட்டிய மின்னஞ்சலோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். முறைப்பாட்டில் உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.