பழைய போனில் ஒரு பாட்டு சர்வர்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்தபின்

டிராயரில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனை என்ன செய்யலாம் என்று கேட்டால், "பாட்டு சர்வராக்கிவிடு" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நிறுவுவது பெரிய காரியமில்லை, ஒரு மாலையில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் கையே வைக்காமல் அதை ஓட வைப்பதில்தான் வேலை இருக்கிறது. சில வருடங்களாக அப்படி ஒன்றை ஓட்டி வருகிறேன். அதனால் நிறுவும் முறையைச் சுருக்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதையே அதிகம் எழுதுகிறேன்.

என்னுடையது ஆண்ட்ராய்டு 9-உடன் அப்டேட் நின்றுபோன போன். 3 ஜிபி ராம், திரையின் குறுக்கே ஒரு விரிசல், மெமரி கார்டு போட ஓர் இடம், 3.5 மி.மீ. ஹெட்போன் துளை. கடைசி இரண்டுக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். திரை விரிசல் ஒரு பொருட்டே இல்லை. எல்லாம் அமைந்தபின் போனைத் தொட வேண்டிய தேவையே வருவதில்லை, கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பாதுகாப்பான முறை) வழியாக உள்ளே போய்க்கொள்ளலாம். ஆனால் கணினியிலிருந்து கேபிள் வழியாக போனைக் கட்டுப்படுத்த விடும் யூஎஸ்பி டீபகிங்கை மட்டும் திரை வேலை செய்யும்போதே இயக்கி வைத்துவிடுங்கள். திரை முழுதாகச் செத்தபின் அதை இயக்க வழி தேடுவது தலைவலி.

மின்சாரக் கணக்கு இதுதான். திரை அணைந்த நிலையில், வைஃபை இயங்க, போன் இழுப்பது ஏறக்குறைய அரை வாட்டிலிருந்து ஒரு வாட் வரை. பாட்டு அனுப்பும்போது கொஞ்சம் ஏறும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துத் தாராளமாக 2 வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 17.5 யூனிட்தான். பழைய டெஸ்க்டாப் ஒன்றை இதே வேலைக்கு இரவு பகலாக விட்டு, அது 50 வாட் இழுத்தால் 438 யூனிட். ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன சிங்கிள்-போர்டு கணினிகளும் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் மின்சாரம் போனால் அவை அணைந்துவிடும். போனுக்குள் பேட்டரி என்ற யூபிஎஸ் கூடவே இருக்கிறது. அந்த யூபிஎஸ்தான் பெரிய தொல்லையும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாட்டு சர்வர் என்று சொல்லும்போது இரண்டு வேறு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, பாட்டுக் கோப்புகளை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள மற்ற போன்களுக்கும் கணினிகளுக்கும் அனுப்புவது. இதற்கு நேவிட்ரோம் என்ற சர்வர் மென்பொருளை வைத்திருக்கிறேன். பாட்டு சர்வர்களோடு பேசுவதற்கான சப்சானிக் என்ற முறை தெரிந்த எந்தச் செயலியாலும் அதனுடன் இணைய முடியும். எதுவும் வேண்டாமென்றால் பிரவுசரில் போனின் ஐபி முகவரியுடன் 4533 என்ற போர்ட் எண்ணைத் தட்டினாலே போதும். இன்னொன்று, போனையே ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு, சோபாவில் உட்கார்ந்தபடி வேறொரு போனிலிருந்து பாட்டை மாற்றுவது. இது எம்பிடி (மியூசிக் பிளேயர் டீமன்) என்ற மென்பொருள் செய்யும் வேலை, அதன் போர்ட் 6600. என் போனில் இரண்டுமே ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்தும் பிராசஸருக்கு ஒரு சுமையில்லை. 320 கேபிபிஎஸ் (வினாடிக்குக் கிலோபிட்) எம்பி3 ஒன்று வினாடிக்குக் கேட்பது வெறும் 40 கிலோபைட். தரம் குறையாமல் சுருக்கிய, சிடி தரத்து ஃபிளாக் கோப்பானாலும் 1,411 கேபிபிஎஸ்ஸைத் தாண்டாது. பத்து வருடத்துக்கு முந்தைய போன்கூட இதைத் தூக்கத்தில் செய்யும்.

நிறுவலைப் பற்றிச் சில வரிகள். எல்லாம் ஓடுவது டெர்மக்ஸில், ஆண்ட்ராய்டுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்ட உதவும் செயலி அது. அதை எஃப்-டிராய்டு என்ற திறந்தநிலைச் செயலிக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது நல்லது. எம்பிடி டெர்மக்ஸின் பேக்கேஜ்களிலேயே இருக்கிறது. நேவிட்ரோமை மட்டும், ப்ரூட்-டிஸ்ட்ரோ என்ற கருவி வழியாக டெபியன் என்ற முழு லினக்ஸைப் போட்டு அதற்குள் வைத்தேன், இதற்கு ரூட் (போனின் முழு நிர்வாக உரிமை) எல்லாம் தேவையில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிராசஸர் 64-பிட் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், மலிவு விலைப் போன்கள் சிலவற்றில் உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டு 32-பிட்டாக இருக்கும். எதற்கான கோப்பைப் பதிவிறக்க வேண்டும் என்பதை "யூநேம் -எம்" (uname -m) கட்டளை சொல்லிவிடும், முதலில் அதைப் பாருங்கள். நேவிட்ரோம் பாட்டுகளைப் பட்டியலிடும் முதல் ஸ்கேன் மெதுவாகத்தான் நடக்கும். அதன்பின் புதிதாகச் சேர்ப்பதை மட்டும் பார்ப்பதால் நொடிகளில் முடிகிறது.

சரி, இனி ஆண்ட்ராய்டோடு நடக்கும் மல்லுக்கட்டு. பின்னணியில் நீண்ட நேரம் ஓடும் எதையும் பேட்டரி தின்னும் குற்றவாளியாகப் பார்ப்பது அதன் இயல்பு. சர்வரோ பின்னணியில் மட்டுமே ஓடுவது. ஆண்ட்ராய்டு 6-இல் வந்த டோஸ் என்ற ஏற்பாடு, போன் சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் செயலிகளின் நெட்வொர்க்கை நிறுத்திவைக்கும். 'சார்ஜரில் இல்லாமல்' என்பதைக் கவனியுங்கள். நிறுவிய அன்று போன் சார்ஜரில் இருக்கும், எல்லாம் அருமையாக ஓடும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் போனால் கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிடும். போய்த் திரையைத் தட்டினால் உடனே உயிர் வந்துவிடும், கோளாறு எங்கே என்று தெரியவே தெரியாது. இதற்கு மருந்து இரண்டு, இரண்டுமே வேண்டும். பிராசஸரைத் தூங்கவிடாமல் வைக்கும் வேக்-லாக்கை டெர்மக்ஸ் அறிவிப்பிலிருந்து இயக்குவது ஒன்று, செட்டிங்ஸில் டெர்மக்ஸை பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்து விலக்கி வைப்பது மற்றொன்று. இவை போக, போன் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்திருக்கும் 'ஸ்மார்ட்' பேட்டரி மேலாளர்கள் உண்டு. ஒவ்வொரு போனிலும் அது ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருக்கும். தேடிப்பிடித்து அணைத்தே ஆகவேண்டும்.

புதிய ஆண்ட்ராய்டு இந்த வேலைக்கு மேலும் மோசம். ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் தங்களுக்குள் தொடங்கும் துணைச் செயல்களுக்கு மொத்தம் 32 என்ற வரம்பு வந்துவிட்டது, மிஞ்சினால் வெட்டு. டெர்மக்ஸ் திரையில் 'சிக்னல் 9' என்ற ஒற்றை வரியோடு எல்லாம் முடிந்து கிடக்கும். வீட்டில் ஓய்வுபெற்ற இன்னொரு புதிய போனில் இதையே அமைத்துப் பார்த்தபோது அந்த வரியைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. பிந்தைய பதிப்புகளில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கிறது. இருந்தாலும், தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஆண்ட்ராய்டு 8, 9 ஓடும் போனையே எடுங்கள் என்பேன். பழசாக இருப்பது இங்கே ஒரு தகுதி.

போன் தானாக ரீஸ்டார்ட் ஆனால் சர்வரும் தானாக எழ, டெர்மக்ஸ்:பூட் என்ற துணைச் செயலி உதவும். ஒரு நிபந்தனை: திரைப்பூட்டு எதுவும் வைக்காதீர்கள். பூட்டு இருந்தால், யாராவது வந்து எண்ணைப் போட்டுத் திறக்கும்வரை சர்வர் எழுந்திருக்காமல் போகலாம்.

இப்போது பேட்டரி. இந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும் என்பதை முடிவு செய்வது பிராசஸரோ ராமோ அல்ல, பேட்டரிதான். போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டால் செல் எப்போதும் அதன் உச்ச வோல்டேஜுக்குப் பக்கத்தில், முழு நிறைவில் நிற்கும். கூடவே லேசான சூடு. லித்தியம்-அயான் செல்லுக்கு இதைவிடக் கெட்ட கூட்டணி கிடையாது. உள்ளே வாயு சேர்ந்து உப்ப ஆரம்பிக்கும். அந்த அறிகுறியை நான் அந்தப் புதிய போனில்தான் பார்த்தேன். தட்டையான மேஜையில் மல்லாத்திவைத்து ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை லேசாக எழும்பியது, பின்மூடியின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த நிலைக்கு வந்ததை அழுத்தி மூடப் பார்க்கக்கூடாது, குத்தவும் கூடாது. உடனே அணைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டேன்.

முதல் போன் தப்பிப் பிழைத்திருப்பதற்குக் காரணம், தொடக்கத்திலிருந்தே அதை நான் சார்ஜரில் நிரந்தரமாக விடாததுதான். ஒரு சாதாரண டைமர் பிளக்கே போதும். கணக்கு எளிது. 3,000 எம்ஏஹெச் பேட்டரி என்றால் சுமார் 11.5 வாட்-ஹவர். அதில் 30 சதவீதம் 3.5 வாட்-ஹவர். ஒரு வாட் செலவானால் மூன்றரை மணிநேரம் தாங்கும். 5 வாட் சார்ஜர் அதை முக்கால் மணி, ஒரு மணிநேரத்தில் மீட்டுவிடும். ஆகவே ஒரு மணிநேரம் ஆன், மூன்று மணிநேரம் ஆஃப் என்று தொடங்கி, உங்கள் போன் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். 40-க்கும் 70-க்கும் நடுவில் ஆடினால் நல்லது.

பிறகு இதை ஸ்மார்ட் பிளக்குக்கு மாற்றினேன். டெர்மக்ஸ்:ஏபிஐ என்ற துணைச் செயலி பேட்டரியின் சதவீதத்தையும் வெப்பநிலையையும் கொடுத்துவிடும். 40-க்குக் கீழே போனால் பிளக்கை ஆன் செய், 70-ஐத் தாண்டினால் ஆஃப் செய் என்று நாலு வரி ஸ்கிரிப்ட். பிளக் வெளி சர்வரை நம்பாமல் வீட்டு நெட்வொர்க்கிலேயே கட்டளை வாங்குவதாக இருக்க வேண்டும். ஆன் ஆன நிலையில் வைஃபை அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு மணிநேரத்தில் தானே அணைந்துகொள்ளும்படி பிளக்கிலேயே ஒரு அமைப்பு வைத்திருக்கிறேன். போனின் உறையைக் கழற்றி, காற்று படும்படி செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் வைக்காதீர்கள், அங்கேதான் வைக்கத் தோன்றும்.

ஒலித் தரம் பற்றி நிறையக் கேட்பார்கள். ஆண்ட்ராய்டு பெரும்பாலும் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடும், சிடி 44.1. இந்த மாற்றம் என் காதுக்குத் தெரிந்ததில்லை. காதுக்குத் தெரிந்தது இரைச்சல். ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர், கூடவே சார்ஜர். இரண்டும் சேர்ந்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், அதன்மேல் மெல்லிய கீச்சொலி. சார்ஜரைப் பிடுங்கினால் அந்தக் கணமே சுத்தமாகிவிடும். சார்ஜர் வழியாகவும் ஆடியோ வயர் வழியாகவும் கிரவுண்டு ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்வதால் வருவது இது. இடையில் ஒரு கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் போட்டால் சரியாகிவிடுகிறது. அதற்குள் இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவுதான். மிக மலிவானவை தாழ்ந்த ஸ்வரங்களைக் கொஞ்சம் மெலிய வைக்கும். அது பிடிக்கவில்லையென்றால், பாட்டு ஓடும் நேரத்தில் பிளக் ஆன் ஆகக்கூடாது என்று அதே ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை சேர்த்துவிடலாம். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஐசொலேட்டர் டிராயருக்குப் போய்விட்டது.

மெமரி கார்டில் கவனிக்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான், ஆனால் தெரியாவிட்டால் ஒரு நாளைத் தின்றுவிடும். டெர்மக்ஸ் கார்டில் எழுதக்கூடியது அதற்கென்று ஒதுக்கிய கோப்புறையில் மட்டுமே. டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்தால் அந்தக் கோப்புறையும் பாட்டுகளோடு சேர்ந்து போய்விடும். ஆகவே போனில் இருப்பது எப்போதும் நகல்தான், மூலம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். கணினியிலிருந்து, மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்ற கருவி வழியாக அனுப்புகிறேன். கார்டு எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால் கேள்விக்குறி, முக்காற்புள்ளி உள்ள கோப்புப் பெயர்களை ஏற்காது. பழைய ஃபேட்32 கார்டில் நேரப் பதிவு இரண்டு வினாடிக்கு ஒன்றாக உருண்டுவிடும். அதனால் ஆர்சிங்க் மாறாத பாட்டுகளையும் மாறியதாக நினைத்து மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு வினாடி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் 'மாடிஃபை-விண்டோ' (--modify-window=1) கொடுத்தால் அடங்கும். நேவிட்ரோமின் டேட்டாபேஸை மட்டும் கார்டில் வைக்காமல் போனின் உள் சேமிப்பிலேயே வையுங்கள். கார்டுக்குப் படிப்பது சுகம், ஓயாமல் எழுதுவது ஆகாது.

ரூட்டரில் போனுக்கு நிலையான ஐபி ஒதுக்கிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள், ரூட்டர் சாதனத்தை அடையாளம் காணும் மேக் முகவரியை மாற்றிக் காட்டும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் சாதனத்தின் சொந்த முகவரியைக் காட்டச் சொல்லிவிட்டு ஒதுக்கினால் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து கேட்க ஆசைப்பட்டு ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்று வருடங்களான சாதனம் இது. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக மட்டும் உள்ளே வாருங்கள். வெளியே இருக்கும்போது ஃபிளாக்கை 128 கேபிபிஎஸ் ஓபஸ் என்ற சிறிய ஒலி வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்கிறேன். அந்த நேரத்தில் மட்டும் மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக் எழுந்து போன் சற்றுச் சூடாகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் இப்படிக் கேட்டாலும் சமாளிக்கிறது.

கோப்புகளுக்குள் பாடகர், ஆல்பம் பெயர்களைச் சொல்லும் டேக் ஒழுங்காக இல்லாவிட்டால் எந்த சர்வரும் குப்பையாகத்தான் காட்டும். ஒரே ஆல்பத்தில் பாட்டுக்கொரு பாடகர் இருந்து, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடம் காலியாக இருந்தால் ஆல்பம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற டேக் திருத்தும் மென்பொருளைக் கொண்டு பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதுதான். மொத்த வேலையில் அதிக நேரம் எடுத்தது இதுவே, போனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சொந்தமாகக் கோப்புகள் வைத்திருக்காமல் ஸ்ட்ரீமிங்கிலேயே கேட்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. வீடியோவையும் இதிலேயே ஏற்ற நினைப்பவரும் வேறு சாதனம் பார்க்கலாம், வீடியோவை மாற்றி அனுப்பும் வேலையில் இந்த போன் மூச்சு வாங்கும். எனக்கு இந்த போன் ஓய்ந்தால் அடுத்து தேடப்போவது, பின்மூடியைக் கையாலேயே திறந்து பேட்டரியை மாற்றக்கூடிய பழைய மாடல் ஒன்று, லினேஜ்ஓஎஸ் (பழைய போன்களிலும் போடக்கூடிய திறந்தநிலை ஆண்ட்ராய்டு) ஏறுவதாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உள்ளேயே இருக்கும் போன். அது கிடைத்தால் ஸ்மார்ட் பிளக்கையும் அந்த ஸ்கிரிப்டையும் சேர்த்தே கழற்றிவிடலாம்.