பேஷன் மார்க்கெட்டிங் என்று காசு வாங்கி, ஆறு மாதம் பிளவுஸ் வெட்டப் பழக்கினார்கள்

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் பக்கம் உயர்தரம் முடித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டார் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

கிளிநொச்சியில் ஏ9 வீதிக் கடை ஒன்றின் மாடியில், "பேஷன் மார்க்கெட்டிங் டிப்ளோமா, 6 மாதம், வேலை உறுதி" என்று பதாகை கட்டியிருந்தார்கள். என் தங்கச்சி வர்த்தகப் பிரிவில் படித்தவள், உடுப்பென்றால் அவளுக்கு உயிர். அம்மாவின் காப்பை அடகு வைத்து 95,000 ரூபாய் கட்டினோம். விடிய எழும்பி பஸ் ஏறி, பரந்தன் சந்தியால் சுற்றிப் போய் வந்தாள்.

முதல் மாதம் தையல் மெஷின். அடிப்படை தெரியத்தானே வேண்டும், சரி என்று இருந்தோம். இரண்டாம், மூன்றாம் மாதமும் பிளவுஸ் வெட்டுவதுதான். தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை, அம்மா தைத்துத்தான் எங்களை வளர்த்தார். ஆனால் அதை அம்மாவிடமே பழகியிருக்கலாம். மார்க்கெட்டிங் படிப்பிக்க ஒரு சேர் சனிக்கிழமைகளில் வந்து, போனைப் பார்த்து வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நாலு சொல்லைத்தான் பாடமாக்கினாள். கடைசி மாதம் போனில் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

சான்றிதழோடு கொழும்பில் ஓர் ஆடை நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனோம். நானும் உள்ளே இருந்தேன். அங்கிருந்த மிஸ் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒரு சல்வாரை 1,500க்கு வாங்கி 2,500க்கு விற்கிறீங்கள். உங்கட மார்ஜின், அதாவது லாபம், எத்தனை வீதம்?" என்று கேட்டார். தங்கச்சி 67 என்று எழுதினாள். "வாங்கின விலையில பார்த்தால் அது சரி பிள்ளை. கடைக்காரர் விற்கிற விலையிலதான் பார்ப்பினம், 40 வீதம்," என்றார். அடுத்த கேள்வி: "100 உருப்படி இறக்கி, ஆறு கிழமையில 60 விற்றிருக்கு. மிச்சம் 40க்கு என்ன செய்வீங்கள்?" இவள் பேசாமல் இருந்தாள். எந்த அளவு, எந்த நிறம் தேங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும், விலையைக் குறைப்பது அதற்குப் பிறகு என்று அவரே சொல்லிக் கொடுத்தார். செய்த வேலைகளின் கோப்பைக் கேட்டபோது இவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சொன்னதெல்லாம் அந்தத் தாளின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. ஆறு மாதப் படிப்பில் கிடைக்காதது அது.

உண்மையில் இந்தப் படிப்பு என்றால் யாருக்கு விற்கிறோம், எந்த அளவில் எத்தனை எடுப்பது, எப்போது விலை குறைப்பது, கடைக் கண்ணாடியில் எதை முன்னுக்கு வைப்பது, படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று கையால் செய்து பழகுவதுதான். ஐரோப்பாவுக்கு விற்பவர்கள் கோடை, குளிர் என்று பருவம் பிரிப்பார்கள். எங்களுக்குப் பருவம் வேறு. காலபோக நெல் வெட்டிக் காசு கைக்கு வருகிற நாட்கள், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா, பிறகு தீபாவளி. இதற்கெல்லாம் எத்தனை கிழமைக்கு முன் சரக்கு எடுக்க வேண்டும் என்று ஒருநாளாவது ஒரு கடைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்களா? இல்லை.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். அவள் படித்த இடத்தின் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவுச் சான்றிதழ் தொங்கியது. இலக்கம் உண்மைதான். ஆனால் அங்கீகாரம் இருந்தது கணினிக் கற்கைநெறிக்கு, பேஷனுக்கு இல்லை. நிறுவனத்தின் பதிவு வேறு, ஒவ்வொரு கற்கைநெறிக்குமான அங்கீகாரம் வேறு. இரண்டையும் கேளுங்கள். என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமை, எத்தனையாம் மட்டம் என்றும் கேளுங்கள்: மொத்தம் 7 மட்டம், டிப்ளோமா 5இல்தான் தொடங்கும். இவள் கையில் இருக்கும் தாளில் மட்டமே இல்லை, பொன்நிற முத்திரை மட்டும் ஒட்டியிருக்கிறது, அதுவும் ஓரம் கிளம்பிவிட்டது.

"வேலை உறுதி" என்றதற்கு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வரிசைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு டிப்ளோமாவே தேவையில்லை, போய்க் கேட்டால் எடுப்பார்கள். காசைக் கேட்டபோது, "திருப்பித் தரமாட்டோம் என்று பற்றுச்சீட்டின் பின்னால போட்டிருக்கு தங்கச்சி," என்றார் பொறுப்பாளர். ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு இதில்தான் ஆசையென்றால், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேஷன் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். வணிகப் பக்கம் என்றால் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. தனியார் இடமென்றால் காசு கட்டமுன் பாடத்திட்டத்தைத் தாளில் வாங்குங்கள். போன வருடம் படித்த பிள்ளை ஒன்றோடு தனியாகப் பேசுங்கள்.

இப்போது அடுத்த அணிக்குப் புதுப் பதாகை கட்டியிருக்கிறார்கள். அதில் சான்றிதழோடு இடமிருந்து இரண்டாவதாக நிற்பது என் தங்கச்சி. எடுக்கச் சொல்லி இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டோம், இன்னும் எடுக்கவில்லை. அவளைத் தெரியும், அவள் படித்த இடம்தானே என்று நம்பி யாரும் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள்.