கடக் கடக் சத்தத்துக்கு நான்கு மாதம் முன்பே

2011 டிசம்பரில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். தாய்லாந்தில் அந்த வருடம் வந்த வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கிப்போய், இங்கே கடைகளில் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்த சமயம். “கொஞ்ச மாசம் பொறுத்தா இறங்கிடும்ணே” என்றார் கடைத் தம்பி. தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை, ஆல்பம் டிசைன் என்று வேலை வரிசைகட்டும். பொறுக்க வழியில்லை. வாங்கி மாட்டியாயிற்று. ஆறரை வருடம் உழைத்துவிட்டு 2018 ஜூனில் அது போய்ச்சேர்ந்தது. அதற்கப்புறம் வேறு டிஸ்க்குகளும் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஆனாலும் எழுத உட்கார்ந்தது முதலாவதைப் பற்றித்தான். அது சொல்லாமல் போகவில்லை, நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் வேறு எதன் மேலாவது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பழி போடும் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. 2014இல் ஒரு நாள் ஃபைல் காப்பி செய்யும்போது பாதியில் நின்று நின்று போனது. பயந்துபோய் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கணக்கெழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் சி7 என்ற வரிசையில் மட்டும் எண் ஏறியிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து போகிறது என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலும் கேபிள் கோளாறு. புது சாட்டா கேபிள் மாற்றியதும் எல்லாம் சரி. (அந்த எண் திரும்ப இறங்காது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் போதும்.) டீ செலவு மாதிரி சின்னச் செலவில் பெரிய நோயைத் தீர்த்துவிட்ட பெருமை எனக்கு. அந்தப் பெருமைதான் நான்கு வருடம் கழித்துக் கழுத்தை அறுத்தது.

2018 பிப்ரவரி. ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் தாமதமாகத் திறந்தது. முந்தைய ஆவணியில் செய்த ஒரு கல்யாணத்தின் படங்கள். அதைச் சொடுக்கினால் திரை வெளுத்து, இருபது முப்பது நொடி எல்லாமே உறைந்து நிற்கும். அப்புறம் ஒன்றும் நடக்காதது மாதிரி படங்கள் வந்துவிடும். மற்ற ஃபோல்டர்கள் சரியாகவே வேலை செய்தன. “வந்துவிட்டதே” என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். உள்ளே நடப்பது இதுதான்: ஒரு செக்டாரை, அதாவது தகவல் எழுதியிருக்கும் தட்டின் ஒரு சின்னத் துண்டை, படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது. தட்டு ஒரு சுற்று சுற்றி வரும்வரை காத்திருந்து மறுபடி முயலும், மறுபடியும் முயலும். நிமிடத்துக்கு 7,200 சுற்று டிஸ்க் என்றால் நொடிக்கு 120 சுற்று. இருபது நொடியில் எத்தனை முயற்சி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். வீட்டு உபயோக டிஸ்க்குகள் இப்படி மல்லுக்கட்டும்படியே செய்யப்பட்டவை. சர்வரில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து மாட்டுவதற்கென்று வரும் ரகங்கள் சில நொடியில் கையை விரித்துவிடும், ஏனென்றால் அங்கே இன்னொரு டிஸ்க்கில் பிரதி இருக்கும். என் டிஸ்க் எனக்காகப் போராடிக்கொண்டிருந்தது. நான் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்றேன்.

என்னைக் கேட்டால் முதல் அறிகுறி இதுதான், இதைவிட முந்தைய அறிகுறியை நான் பார்த்ததில்லை. பொதுவான மந்தத்துக்கு நூறு காரணம் இருக்கும்: ரேம் போதாது, ஆன்ட்டி வைரஸ் ஓடுகிறது, விண்டோஸ் அப்டேட். ஆனால் *அதே* ஃபைல், *அதே* இடம், ஒவ்வொரு தடவையும் திக்குகிறது என்றால் அது வேறு ஜாதி மந்தம்.

மார்ச்சில் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பித்தது. ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் தவிர்க்கலாம் என்று அதுவே சொல்லும். தவிர்த்தேன். மூன்று தடவை. கரண்ட் போய் வந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன்: 2012இல் எங்கள் பக்கம் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த காலத்தையே தாண்டிய டிஸ்க் இது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய், வேலை நடுவில் எத்தனையோ தடவை பொட்டென்று அணைந்திருக்கிறது. அப்படி அணையும்போது, தட்டு சுற்றிக்கொண்டிருக்கும் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து டிஸ்க் தன் ஹெட்டை, அதாவது தட்டைப் படித்து எழுதும் முனையை, ஓரமாகப் பத்திரப்படுத்திக்கொள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் அவசரத்தில் நடக்கிற காரியம் அது. அத்தனை தடவை நடந்ததும் அதன் உடம்பில் சேர்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஏப்ரலில் ஒரு படம் பாதிதான் திறந்தது. மேல் பாதியில் மாப்பிள்ளை, கீழ் பாதி முழுக்கச் சாம்பல் நிறம். வாடிக்கையாளரின் பென் டிரைவில் வைரஸ் என்று முடிவுகட்டி, சி டிரைவை ஃபார்மேட் அடித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். பத்து நாள் கம்ப்யூட்டர் பறந்தது. பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்று மனைவியிடம் வேறு சொல்லிக்கொண்டேன். ஃபார்மேட் செய்தபின் கொஞ்ச நாள் தேறுவதும் நோயின் ஒரு கட்டம்தான் என்று அப்போது தெரியாது. சந்தேகத்துக்குரிய செக்டாரில் புதிதாக எழுதும்போதுதான் டிஸ்க் அதைச் சோதிக்கும்; கெட்டிருந்தால் ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் உள்ள நல்ல செக்டாரை அந்த இடத்துக்குக் கொண்டுவரும். விண்டோஸ் இருந்த பகுதிக்கு அந்த உபகாரம் கிடைத்தது. படங்கள் இருந்த டி டிரைவுக்குக் கிடைக்கவில்லை.

மே முதல் வாரம் மறுபடி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. நீலமாக இருந்த கட்டம் மஞ்சளாகியிருந்தது. இந்தத் தடவை சி7 பேசாமல் இருந்தது. பேசியவை 05, சி5 என்ற இரண்டு வரிசைகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல், இன்னும் முடிவு தெரியாமல் நிற்பவை. ஆஸ்பத்திரி மொழியில் சொன்னால் 05 அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், சி5 வராந்தாவில் காத்திருப்பவர்கள். 05இல் 18 என்று இருந்தது. பதினெட்டுதானே என்று விட்டுவிட்டேன். அந்த மென்பொருள் எண்களை ஹெக்ஸாடெசிமல் முறையில், அதாவது பத்து பத்தாக இல்லாமல் பதினாறு பதினாறாக எண்ணிக் காட்டும். அந்த 18 உண்மையில் 24. அமைப்பில் போய்ச் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம், முதல் வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சில கம்பெனி டிஸ்க்குகளில் 01, 07 வரிசைகளில் கோடிக்கணக்கில் எண் இருக்கும். அதைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். அந்தக் கம்பெனிகள் கணக்கு எழுதும் முறை அப்படி.

எண் முறையை மாற்றியபின் சி5 என்ன காட்டியது என்றால், திங்கள்கிழமை 8. வியாழன் 40. ஞாயிறு 112. எட்டு எட்டாக ஏறுவதற்குக் காரணம், வெளியே 512 பைட் என்று சொல்லிக்கொண்டாலும் இந்த டிஸ்க்குகளின் உள்ளே ஒரு செக்டார் 4,096 பைட். ஒன்று போனால் கணக்கில் எட்டு போகும்.

2007இல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. டிஸ்க் தன் மேற்பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் அது சாக 39 மடங்கு வாய்ப்பு என்றது. என் டிஸ்க் மஞ்சள் காட்டிய நாளிலிருந்து ஏழு வாரம் இருந்தது. அதே ஆய்வில் வயிற்றைக் கலக்கும் இன்னொரு கணக்கும் இருக்கிறது: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எதிலும் ஒரு சின்ன ஏற்றம்கூடக் காட்டாமல் போனவை. அதனால் மஞ்சள் வந்தால் நம்புங்கள், நீலத்தை மட்டும் முழுசாக நம்பிவிடாதீர்கள்.

அந்த ஏழு வாரத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காப்பி எடுப்பதை விட்டுவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று, டிஸ்க்கைச் சோதிக்க விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க்கை, கெட்ட செக்டார் தேடும் முறையில் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். மூச்சு வாங்குகிற நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்ன கதை. டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் அது படிக்கும், முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் சி5 நானூறைத் தாண்டியிருந்தது.

அப்புறம்தான் சத்தம். டிக்… டிக்… டிக்… கடக். தட்டு நின்று, மறுபடி சுற்ற ஆரம்பிக்கும் விசில். மறுபடி டிக். ஹெட் தன் இடத்தை அடையாளம் காண முடியாமல் ஓரத்துக்குத் திரும்பி, முதலிலிருந்து தேடுகிற சத்தம் அது. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போவதைப் பற்றிப் பேசும் எல்லோரும் இந்தச் சத்தத்தைத்தான் அறிகுறி என்பார்கள். என் அனுபவத்தில் இது அறிகுறி வரிசையில் கடைசி. சங்கு ஊதியபிறகு டாக்டரைத் தேடுவது மாதிரி.

எல்லா டிக் சத்தமும் சங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணைக்கும்போது ஒரே ஒரு டிக் வந்தால் ஹெட் ஓய்வுக்குப் போகிறது. நிறைய சின்ன ஃபைல்களைக் காப்பி செய்தால் வரும் கரகர சத்தமும் இயல்பு. என் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று கேபினட்டின் முன்பக்க யுஎஸ்பியில் செருகினால் டிக் டிக் என்று அடித்து மறைந்துவிடும், பின்பக்கம் செருகினால் சமர்த்தாக இருக்கும். முன்பக்க ஒயரில் மின்சாரம் போதவில்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தளர்ந்தாலும் உள் டிஸ்க் இதே மாதிரி அடிக்கும். அதனால் சத்தம் வந்தால் முதலில் வேறு பவர் ஒயர், வேறு போர்ட். ஒரே ஒரு முறை. அதற்கும் அடித்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

ஃப்ரீஸரில் வைத்து எடு என்றார் ஒரு நண்பர். வைக்கவில்லை. உள்ளே ஈரம் கோத்தால் இருக்கிற வழியும் அடைபடும். அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டலாம் என்றார் இன்னொருவர். அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் இருப்பதால் வெறும் போர்டு மாற்றினால் இந்தக் காலத்து டிஸ்க் எழுந்திருக்காது. டேட்டா ரெக்கவரி செய்யும் இடத்தில் கேட்ட தொகைக்கு நான் ஆறு டிஸ்க் வாங்கலாம்.

சத்தம் ஒரு நாள் கொஞ்சம் அடங்கியது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் சிடியில் கம்ப்யூட்டரை எழுப்பி, கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். அது புத்திசாலி. நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, மோசமான இடங்களைக் கடைசிக்கு ஒத்திவைக்கும். எங்கே நிறுத்தினோம் என்பதையும் ஒரு ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் அணைத்து ஆறவைத்துத் தொடரலாம். மூன்று நாள், மேஜை விசிறியை டிஸ்க் பக்கம் திருப்பி வைத்தபடி. நான்காம் நாள் டிஸ்க் முற்றிலும் ஓய்ந்தது. வாடிக்கையாளர் வேலைகள் பெரும்பாலும் தப்பின. அப்பாவின் மணிவிழாப் படங்களில் முப்பது நாற்பது, பாதிச் சாம்பலாக.

இப்போது ஓடுவது 2018இல் அவசரமாக வாங்கிய அந்த டிஸ்க்தான். 2021இல் அதன் 05 வரிசை 8 ஆனது. அன்றே எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி எடுத்தேன். ஆனால் எண் அங்கேயே நின்றுவிட்டது, சி5 பூஜ்யம். அதனால் தூக்கிப்போடவில்லை, சினிமாவும் பாட்டும் வைக்கும் டிஸ்க்காகப் பதவி இறக்கம் செய்துவிட்டேன். வேலையெல்லாம் எஸ்எஸ்டியில், சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் தகவல் வைக்கும் ரகம். அது இன்னொரு விதப் பயம்: சத்தமே போடாத ஜென்மம், காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரையில் பெயரே காணாமல் போகலாம். அதனால் அதற்கும் பிரதி தினமும் ராத்திரி தானாகவே போகிறது.

கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை என் மனைவி குறித்துவைக்கும் மாத காலண்டரிலேயே, ஒன்றாம் தேதிக் கட்டத்தின் ஓரத்தில் நான் இரண்டு எண்களைக் கிறுக்குகிறேன். இந்த மாதமும் 8, 0. பக்கத்துக் கட்டத்தில் பால் கணக்கு.